கழித்தால் தீருமா?

5ஐ 3ஆற் பெருக்கி 4ஐக் கூட்டினால் 19. மீண்டும் 5க்குத் திரும்புவது எப்படி? முதலில் 4ஐக் கழித்து, பின்னரே 3ஆல் வகுக்க வேண்டும். கடைசியாகச் செய்ததை முதலில் அவிழ்ப்பதே நேர்மாறுச் செய்கையின் ஒழுங்கு. முறை மாறினால் விடை பிழைக்கும்.

மனச்சாட்சியின் கணக்கும் இத்தகையதே. ஒருவன் அயலவனின் பணத்தை எடுத்தான். பின்பு பழியை அவ்வீட்டு வேலைக்காரச் சிறுவன்மேற் போட்டான் என்று வைத்துக்கொள்வோம். இரவோடிரவாகப் பணத்தை மேசையில் வைத்துவிட்டாற் போதுமா? பயத்தினாற் சிறுவனே திருப்பி வைத்தான் என்றல்லவா ஊர் சொல்லும்! பொய்யை முதலில் மீளப்பெற வேண்டும். (கடினமானதும் அதுதான்; பணம் கொடுப்பது இலகு.)

பாவசங்கீர்த்தனத்தோடு யாவும் முடிந்ததென எண்ணுவோர் நம்மிடையே உளர். மன்னிப்புப் பெற்றவனுக்கும் ஈடுசெய்யும் கடமை உண்டென்பது திருச்சபையின் போதனை. 1992இல் வெளிவந்த மறைக்கல்வி நூலின் 2487ஆம் எண்ணிற் காண்க. சக்கேயு நான்கு மடங்கு கொடுக்க முன்வந்ததை நாம் அறிவோம்.

ஆனால், எல்லாச் செய்கைக்கும் நேர்மாறு உண்டா? 7ஐப் பூச்சியத்தாற் பெருக்கினாலும், 700ஐப் பெருக்கினாலும் விடை பூச்சியமே. அதிலிருந்து பழைய எண்ணை மீட்க எந்த வகுத்தலாலும் இயலாது. கொலை அத்தகையது. ஊரெங்கும் பரவிய அவதூறும் ஏறக்குறைய அவ்வாறே. கொன்றவன் மனந்திரும்பினால் என்ன செய்வான்? பிள்ளைகளின் படிப்புச் செலவை ஏற்கலாம். விதவையின் வாசலிற் போய் நிற்கலாம். அவள் கதவைத் திறக்காமலும் விடலாம். அது அவளுடைய உரிமை.