ஒப்புமை எவ்வளவு தூரம் சாட்சி சொல்லும்?

உடலுக்குள் வைக்கும் ஒரு கருவிக்கு அரசு ஏற்பளிக்கும்போது, அது எதை அறிந்ததாகச் சொல்கிறது என்பது சட்டக் கேள்வியாகத் தோன்றினாலும் அடியில் அளவையியல் கேள்விதான். இருபது ஆண்டு தாங்க வேண்டிய மூட்டு உண்மையில் தாங்கியதா என்பதை இருபது ஆண்டு கழித்துத்தான் காண முடியும். ஏற்பு கேட்டு விண்ணப்பம் வரும் நாளில் அந்தக் காட்சி யாரிடமும் இல்லை. கருதல் எனப்படும் அனுமானத்தையும் உவமையையும் கொண்டுதான் முடிவெடுக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஹிப் ரீசர்ஃபேசிங் என்னும் இடுப்பு மூட்டுச் சிகிச்சையின் கதை நல்ல சான்று.

முழு மூட்டு மாற்றில் தொடை எலும்பின் தலையை வெட்டி எடுத்து, எலும்புக்குள் தண்டு ஒன்றைச் செருகுவார்கள். ரீசர்ஃபேசிங்கில் தலை போகாது. தேய்ந்த பரப்பை மட்டும் சீவிவிட்டு, காளான் குடை போன்ற உலோகத் தொப்பியை அதன்மேல் பொருத்துவார்கள்; இடுப்புக் குழியில் உலோகக் கிண்ணம் ஒன்று உட்காரும். இளவயதில் மூட்டு தேய்ந்தவர்களுக்கு எலும்பு மிச்சப்படும் என்பதே இதன் கவர்ச்சி. யோசனை பழையது. இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி 1950களிலேயே டெஃப்லானைக் கொண்டு இதை முயன்று தோற்றார். முழு மூட்டு மாற்றிலும் அவர் வைத்த டெஃப்லான் கிண்ணங்கள் சில ஆண்டுகளில் தேய்ந்து, துகள்கள் திசுவைப் புண்ணாக்கின. பிறகு அவர் டெஃப்லானையும் பாலிஎத்திலீனையும் தன் தொடைச் சதைக்குள்ளேயே வைத்துச் சோதித்தார். அறியாமையின் விலையைத் தானே கொடுத்த மருத்துவர் என்று இதைப் போற்றுவது வழக்கம். அதற்கு முன்பே அந்த விலையை அவருடைய நோயாளிகள் பலர் கொடுத்திருந்தார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

டெரெக் மக்மின், ரோனன் ட்ரேசி இருவரும் உருவாக்கிய கோபால்ட்-குரோமியம் மூட்டு, ‘பர்மிங்காம் ஹிப்’ என்ற பெயரில் 1997இல் வெளிவந்தது. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்தியாவிலும் அது விரைவில் கிடைத்தது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் மட்டும் மருத்துவத் தரவு கேட்டு நிறுத்தி, 2006 மே மாதம்தான் ஏற்பளித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அமெரிக்கர்கள் பலர் பெல்ஜியத்துக்கும் சென்னைக்கும் விமானமேறி வந்து இந்த அறுவையைச் செய்துகொண்டார்கள். தடை அவர்களைக் காத்ததா, வலியோடு காக்கவைத்ததா? அந்த மூட்டு, குறிப்பாகப் பெரிய எலும்புள்ள ஆண்களிடம், நன்றாகவே நிலைத்தது. அதைப் பார்த்தால் காக்கவைத்ததாகவே படும்.

ஆனால் அதே காலத்தில் டெப்யூ நிறுவனத்தின் ஏஎஸ்ஆர் மூட்டும் 2003 முதல் உலகச் சந்தையில் இருந்தது. அதன் ரீசர்ஃபேசிங் வடிவத்தை அமெரிக்கா கடைசிவரை ஏற்கவில்லை. அதே கிண்ணத்தோடு தண்டு சேர்த்த ஏஎஸ்ஆர் எக்ஸ்எல் என்னும் முழு மூட்டோ 2005இல் அங்கே உள்ளே நுழைந்துவிட்டது. 1976ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தில் இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்றில் மருத்துவ ஆய்வுத் தரவு வேண்டும். 510(கே) எனப்படும் மற்றொன்றில், ஏற்கெனவே சந்தையில் உள்ள ஒன்றை இது பெரிதும் ஒத்தது என்று காட்டினால் போதும். ஏஎஸ்ஆர் எக்ஸ்எல் இந்த இரண்டாம் வாசல் வழியே வந்தது. அது ஒத்ததாகக் காட்டிய மூட்டு இன்னொன்றை ஒத்தது, அது வேறொன்றை ஒத்தது என்று சங்கிலியைப் பின்தொடர்ந்தால், கைவிடப்பட்ட பழைய உலோக மூட்டுகளில் போய் நிற்கும்.

உவமையை நியாய மரபு தனிப் பிரமாணமாக, அதாவது அறிவுக்கு ஒரு வழியாக, ஏற்கிறது. மணிமேகலையில் அளவைவாதி அடுக்கும் பட்டியலிலும் அது உண்டு. ஆமா என்னும் காட்டு விலங்கு பசுவைப் போலிருக்கும் என்று கேள்விப்பட்டவன், காட்டில் அதைக் கண்டதும் இன்னதென்று தெரிந்துகொள்கிறான் என்பது இரண்டிலும் வழங்கும் எடுத்துக்காட்டு. இங்கே உவமை தருவது அடையாளம் மட்டுமே. ஆமா பசுவைப் போலக் கறக்க நிற்குமா என்பதற்கு அது பொறுப்பேற்காது. அதைச் சொல்ல அனுமானம் வேண்டும். அனுமானத்துக்கு விலகாத உடனிகழ்ச்சி வேண்டும். 510(கே) முறையில் உவமை தன் எல்லையைத் தாண்டி அனுமானத்தின் வேலையைச் செய்தது. ஒப்புமை கைமாறக் கைமாறத் தேயும் என்பதும் அங்கே கணக்கில் வரவில்லை.

அனுமானத்திலும் கவனம் வேண்டும். புகையிருந்தால் நெருப்பு என்பது சரி. நெருப்பிருந்தால் புகை என்பதற்கு ஈர விறகு என்னும் நிபந்தனை வேண்டும். இத்தகைய ஒளிந்த நிபந்தனையை நியாய மரபினரான நையாயிகர்கள் உபாதி என்பார்கள். ஏஎஸ்ஆரில் உபாதி கிண்ணத்தின் ஆழம். அது அரைக்கோளத்தைவிடத் தட்டையானது. சற்றுச் சாய்ந்து பொருந்தினாலும் பளு விளிம்பில் விழுந்து, உராய்வில் கோபால்ட்டும் குரோமியமும் இரத்தத்தில் கலந்தன. ஐந்தாண்டில் சுமார் 12 முதல் 13 சதவீதத்தினருக்கு மறு அறுவை தேவைப்பட்டதாக இங்கிலாந்து, வேல்ஸ் பதிவேடு காட்டியது. 2010 ஆகஸ்டில், உலகெங்கும் சுமார் 93,000 பேருக்குப் பொருத்தப்பட்ட நிலையில், நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது.

பர்மிங்காம் மூட்டிலும் ஓர் உபாதி இருந்தது. பெண்களிடம் அது அதிகம் தோற்றது. காரணம் பெண்மையா, மூட்டின் சிறிய அளவா? ஆஸ்திரேலியப் பதிவேட்டின் தரவு பெரும்பாலும் அளவையே சுட்டியது. 2015இல் 46 மில்லிமீட்டரும் அதற்குக் குறைந்த அளவுகளும் விலக்கப்பட்டன. கூடவே, பெண்களுக்கு இது ஏற்றதல்ல என்ற எச்சரிக்கையும் ஏறியது. பெரிய எலும்புள்ள ஒரு பெண்ணுக்கு இதில் அநீதி இருக்கிறது. ஆனால் கூட்டத்துக்காக விதி எழுதும் அதிகாரிக்குப் பெயரில்லாத தனியாள் கண்ணில் படுவதில்லை. இந்தக் குறைக்கு எந்த ஏற்பு முறையிலும் முழுத் தீர்வு கிடையாது.

சென்னையில் அமெரிக்கர்களுக்குப் பயன்பட்ட திறந்த வாசல்தான் ஏஎஸ்ஆரையும் இந்தியாவுக்குள் விட்டது. இங்கே ஏறத்தாழ 4,700 பேருக்கு அது பொருத்தப்பட்டது. பின்னாளில் மத்திய அரசின் குழு விசாரித்தபோது அவர்களில் பெரும்பாலோரைத் தேடிக் கண்டுபிடிக்கவே இயலவில்லை. அமெரிக்க நோயாளிகளுக்கான சமரசத் தொகை 2013இலேயே சுமார் 250 கோடி டாலர் என்று முடிவாகியிருந்தது. இந்தியக் குழு குறைந்தது 20 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று பரிந்துரைத்ததோ 2018இல். முன்கூட்டி அறிய முடியாததை அனுமதிப்பது தவறல்ல. அனுமதித்தபின் யாருக்கு வைத்தோம் என்று எழுதிவைக்காமல் விடுவது வேறு வகை. அங்கே அறியாமை விதியால் வந்ததல்ல, வைத்துக்கொண்டது.

அமெரிக்கா 2016இல் உலோகத்தோடு உலோகம் உரசும் முழு மூட்டுகளுக்கும் முதல் வாசலைக் கட்டாயமாக்கியது. பிரிட்டனில் ஓடெப் என்னும் குழு, ஒரு மூட்டுக்கு எத்தனை ஆண்டுச் சான்று இருக்கிறது என்பதையே தரக்குறியீடாகத் தருகிறது: மூன்று, ஐந்து, ஏழு, பத்து என்று ஏறும். ‘பாதுகாப்பானது’ என்ற சொல்லைவிட இது நேர்மையான பேச்சு. உலோக அயனிச் சிக்கல் இல்லாத, பெண்களையும் கருத்தில் கொண்ட பீங்கான் ரீசர்ஃபேசிங் மூட்டுகள் 2010களின் பிற்பகுதியில் பொருத்தப்படத் தொடங்கின. அந்த ஏணியில் அவை இன்னும் கீழ்ப்படிகளுக்கு உரியவை.