ஒன்பதாம் இடம்

 

சென்ற மாதம் ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்தபின், பூச்சோங் பதினாலாங் கட்டையில் நண்பர் ஒருவரின் கடையில் சிலர் உட்கார்ந்து தேநீர் அருந்திக் கொண்டிருந்தோம். நண்பரின் மகன் கல்லாவுக்குப் பின்னால் நின்று சில்லறை எண்ணிக் கொண்டிருந்தான். பத்தொன்பது வயது வாலிபன். படையில் அதிகாரியாக வேண்டுமென்று இரண்டு வருட காலம் விடியற்காலையில் எழுந்து ஓடி, உடலைப் பழக்கி, பாடங்களையும் கருத்தாய்ப் படித்து, படைப் பயிற்சிக் கலாசாலை ஒன்றுக்கு விண்ணப்பம் செய்திருந்தான். நேர்முகத் தேர்வு வரைக்கும் போய் வந்தான். அன்று மாலையில்தான் ‘இடமில்லை’ என்ற பதில் வந்திருந்தது.

கூடியிருந்தவர்கள் எல்லோரும் நல்ல மனிதர்கள். ஆளுக்கொரு ஆறுதல் சொன்னார்கள். “எல்லாம் கத்ர், தம்பி! அல்லாஹ் நாடவில்லை” என்றார் ஒருவர். “அப்துல் கலாமையும் இப்படித்தான் தள்ளினார்கள். கடைசியில் அவர் ஜனாதிபதியாகவே வரவில்லையா?” என்றார் இன்னொருவர். “நம்ம பிள்ளைகளை எங்கே எடுக்கப் போகிறார்கள்?” என்றார் மூன்றாமவர். முடிவில் தகப்பனார், “நான் அப்போதே சொன்னேன், கேட்டானா? நமக்கு இந்தக் கடைதான்” என்றார். பையன், “சரி அத்தா” என்று சொல்லிவிட்டு, எண்ணி முடித்த சில்லறையையே மறுபடியும் எண்ணத் தொடங்கினான்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வதென்று தெரியவில்லை என்பதே உண்மை. வீட்டுக்கு வந்த பின்னும் அந்தப் பையனின் முகம் மனதை விட்டு நீங்கவில்லை. முறையாக முயன்ற ஒருவன் தள்ளப்படும்போது, அது அவனைப் பற்றி என்ன சொல்கிறது? அந்த வேளையில் பெரியவர்களாகிய நமது கடமை யாது? இவ்விரண்டையும் சற்றுச் சிந்திப்போம்.

அப்துல் கலாம் அவர்களின் பெயரை நாம் அடிக்கடி எடுத்துச் சொல்கிறோம். ஆனால் நடந்ததை முழுமையாக நினைத்துப் பார்ப்பதில்லை. அவர் 1931-இல் ராமேசுவரத்தில் பிறந்தவர். தகப்பனார் ஜைனுலாப்தீன் படகு வைத்திருந்தவர். பள்ளிவாசலில் இமாமாகவும் இருந்தவர். தமையனார் முஸ்தபா கமால் ரயில்வே ஸ்டேஷன் ரோட்டில் மளிகைக் கடை நடத்தினார். அந்தக் கடையில் சிறுவன் கலாமும் நின்று அரிசியும் எண்ணெயும் வெங்காயமும் விற்றதுண்டு. ஆகவே அவர் நம்மைப் போன்ற ஒரு குடும்பத்துப் பிள்ளைதான். சென்னை குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி. கலாசாலையில் விமானப் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. சேருவதற்குச் சுமார் ஆயிரம் ரூபாய் வேண்டும். வீட்டில் அவ்வளவு பணமில்லை. தமக்கை ஜொஹரா தம்முடைய தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார்.

படிப்பு முடிந்ததும் இரண்டு வழிகள் திறந்தன. டில்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்ப இலாகாவில் ஒரு உத்தியோகம். டேராடூனில் விமானப் படை அதிகாரித் தேர்வு. மனம் முழுவதும் இரண்டாவதில்தான் இருந்தது. விமானம் ஓட்ட வேண்டுமென்பது அவருடைய இளமைக்கால ஆசை. டேராடூனில் தேர்வுக்கு நின்றவர்கள் 25 பேர். எடுக்கப்பட்டவர்கள் 8 பேர். கலாம் பெற்றது ஒன்பதாம் இடம். வெளியே வந்து ஒரு மலை விளிம்பில் நின்றதைத் தம் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். அந்த ஒன்பதாம் இடத்தின் பின்னால் தமக்கையின் நகை அடகில் இருந்ததை நாம் மறக்கலாகாது. தள்ளப்படும் பிள்ளை தனக்காக மட்டும் வருந்துவதில்லை. தன்னை நம்பிச் செலவு செய்தவர்களின் முகத்தை எப்படிப் பார்ப்பதென்று கூசுகிறான்.

அங்கிருந்து ரிஷிகேசத்துக்குப் போய் சுவாமி சிவானந்தரைக் கண்டார். இந்த சிவானந்தர் திருநெல்வேலிச் சீமையில், நம்மவர்கள் நெய்யும் பாய்க்குப் பேர்போன பத்தமடையில் பிறந்தவர். துறவியாவதற்கு முன் 1913-இல் நமது மலாயாவுக்கு வந்து, சிரம்பானுக்கு அருகே தோட்ட ஆஸ்பத்திரியிலும் பிறகு ஜொகூரிலும் டாக்டராக இருந்தவர். தம் எதிரில் வந்து நின்ற முஸ்லிம் வாலிபனின் துயரத்தை அவர் பொறுமையோடு கேட்டார். விமானியாவது உனக்கு விதிக்கப்பட்டதல்ல, விதிக்கப்பட்டது எதுவென்று இன்னும் வெளிப்படவில்லை, இந்தத் தோல்வியை மறந்து உன் வழியைத் தேடு என்ற கருத்தில் புத்தி சொல்லி அனுப்பினார். கலாம் டில்லிக்குத் திரும்பினார். 1958-இல் தொழில்நுட்ப இலாகாவில், மாதம் 250 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

நிற்க. இந்தக் கதையை நாம் எப்படி முடிக்கிறோம்? ராக்கெட் விட்டார், பாரத ரத்னா பெற்றார், 2002-இல் ஜனாதிபதியானார், முப்படைகளுக்கும் தலைவரானார், 2006-இல் தம் 74-ஆம் வயதில் பூனாவில் சுகோய் போர் விமானத்திலேயே பறந்தார் என்று முடிக்கிறோம். அவ்வளவும் உண்மை. ஆனால் அதை ஆறுதலாகச் சொல்லும்போது ஒரு தவறு செய்கிறோம். அன்று டேராடூனில் தள்ளப்பட்டவர்கள் 17 பேர். அவர்களில் ஒருவரை நாம் அறிவோம். மற்ற 16 பேரும் யார்? அவர்கள் ஜனாதிபதியாகவில்லை. அதனால் அவர்களுடைய வாழ்க்கை வீணென்று சொல்வோமா? ‘இன்று தள்ளப்பட்டாய், நாளை இதைவிடப் பெரியவனாவாய்’ என்று ஒரு பிள்ளைக்கு வாக்குக் கொடுப்பது, கையில் இல்லாத சரக்குக்கு அச்சாரம் வாங்குவதற்கு ஒப்பாகும். அது நடக்காவிட்டால் அவன் இரண்டாம் முறையும் தோற்றவனாகிறான்.

அப்படியானால் ஒன்பதாம் இடம் என்ன சொல்லிற்று? எட்டு இடங்கள் இருந்தன என்று சொல்லிற்று. ஒன்பது இடங்கள் இருந்திருந்தால் அதே மனிதர், அதே அறிவோடும் அதே உடலோடும், தேறியவராக வெளியே வந்திருப்பார். நாம் வியாபாரிகள், இது நமக்குப் புரியாததன்று. ஒரு டெண்டருக்கு இருபத்தைந்து பேர் விலை போடுகிறோம். கிடைக்கவில்லை. அதற்காகக் கிட்டங்கியிலுள்ள அரிசி புழுத்துவிட்டதென்று யாராவது கடலில் கொட்டுகிறோமா? விலையில் தவறா, தரத்தில் குறையா என்று பார்க்கிறோம். குறை இருந்தால் திருத்துகிறோம். இல்லையென்றால் வேறு இடத்தில் கேட்கிறோம். முதல் கையில் இருக்கிறது. டேராடூனில் அறிவைக் காட்டிலும் உடல் வலிமையையும் எடுப்பாகப் பேசுவதையும் அதிகம் பார்த்தார்கள் போலும் என்று கலாம் எழுதினார். அது தேர்வு செய்தவர்களின் தேவை. அவர்கள் அதைப் பார்த்ததில் குற்றமில்லை. ஆனால் ஒருவருடைய தேவைக்குப் பொருந்தாமை வேறு, மனிதனுக்கு மதிப்பில்லாமை வேறு. இரண்டையும் ஒரே பத்தியில் எழுதுகிறவன் கணக்குத் தெரியாதவன்.

நம் மார்க்க சரித்திரத்தில் இதற்கு நேரான ஒரு சம்பவம் இருக்கிறது. ஹிஜ்ரி 3-இல் உஹது யுத்தத்துக்குப் புறப்பட்டபோது, நாயகம் (ஸல்) அவர்கள் படையைப் பார்வையிட்டு, வயது போதாத இளைஞர்களைத் திருப்பி அனுப்பினார்கள். அவ்வாறு திரும்பியவர்களில் 14 வயதான அப்துல்லாஹ் இப்னு உமர் ஒருவர். ஸைத் இப்னு தாபித் ஒருவர். உஸைத் இப்னு ளுஹைர் ஒருவர். ராஃபிஉ இப்னு கதீஜ் என்ற 15 வயது இளைஞரையும் முதலில் நிறுத்தினார்கள். நன்றாக அம்பெய்வார் என்று எடுத்துச் சொல்லப்பட்டதும் அனுமதித்தார்கள். அதைக் கண்ட ஸமுரா இப்னு ஜுன்துப், ‘ராஃபிஉவை நான் மல்யுத்தத்தில் வீழ்த்துவேனே’ என்று முறையிட்டார். இருவரையும் பொருதவிட்டார்கள். ஸமுரா ஜெயித்தார், அவருக்கும் அனுமதி கிடைத்தது.

இதில் நமக்கு மூன்று பாடங்கள் உள்ளன. முதலாவது, திருப்பி அனுப்பப்பட்டது ஓர் அவமானமன்று. அனுப்பியவர்கள் அல்லாஹ்வின் தூதர். திரும்பியவர்கள் அவர்களுடைய அன்புக்குரிய பிள்ளைகள். இரண்டாவது, தகுதியைக் காட்டி மறுபடி கேட்பதில் தவறில்லை. ஸமுரா கேட்டார், பெற்றார். இப்னு உமர் காத்திருந்து, 15 வயதில் அகழ் யுத்தத்தில் சேர்ந்தார். மூன்றாவது, ஸைத் (ரலி) அவர்கள் பிற்காலத்தில் அபூபக்கர் (ரலி) அவர்களின் ஆட்சியில் திருக்குர்ஆனை ஒன்று திரட்டும் மகத்தான பணியைச் செய்தார்கள் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். உஸைத் (ரலி) அவர்களின் பெயரை நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? அதனால் அவர் ஸஹாபி அல்லாமல் போய்விட்டாரா? புகழ் வந்தவருக்கும் வராதவருக்கும் அன்று மதீனாவுக்குத் திரும்பிய பாதை ஒன்றுதான். திரும்பி வந்து அவரவர் கடமையைச் செய்தார்கள். மதிப்பு அதில்தான் இருந்தது.

இனி, கத்ர் என்று சொன்ன பெரியவரிடம் வருவோம். கத்ரை நம்புவது நமது ஈமானின் பகுதி. அதில் ஐயமில்லை. ஆனால் அழ வருகிற பிள்ளையின் வாயை அடைப்பதற்கு அதை மூடியாக உபயோகிக்கலாமா? நபி யஃகூப் (அலை) அவர்கள் மகனை இழந்த துக்கத்தில் கண் பூத்துப் போகும் அளவுக்கு வருந்தியதாகத் திருக்குர்ஆன் கூறுகிறது. அவர்களையே அழகிய பொறுமைக்கு உதாரணமாகவும் காட்டுகிறது. அந்தத் துக்கத்தோடேயே, போய்த் தேடுங்கள், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று மற்ற மக்களை ஏவினார்கள். ஆக, ஸப்ர் என்பது வருந்தாமல் இருப்பதன்று. வருத்தத்தோடு தேடுவதை நிறுத்தாமல் இருப்பது. கத்ர் என்ற சொல் பாதிக்கப்பட்டவன் தானே உணர்ந்து சொல்லும்போது மருந்து. அவன் பேசத் தொடங்குமுன் நாம் சொன்னால், ‘உன் துயரத்தைக் கேட்க எனக்கு நேரமில்லை’ என்பதற்கு மார்க்கப் போர்வை போர்த்தியதாகிவிடும்.

‘நம்ம பிள்ளைகளை எங்கே எடுக்கப் போகிறார்கள்’ என்றவருக்கும் ஒரு வார்த்தை. உலகில் பாரபட்சம் இல்லையென்று நான் சொல்லவில்லை. இருக்குமிடத்தில் ஆதாரத்தோடு, முறையோடு கேட்க வேண்டும், கேட்பது உரிமை. ஆதாரமில்லாமல் சொல்வது பிறர்மீது தீய எண்ணம் கொள்வதாகும். அது நமக்கு விலக்கப்பட்டது. அதைவிட, பக்கத்தில் நிற்கும் பத்து வயதுத் தம்பியும் அதைக் கேட்கிறான் என்பதை நினைக்க வேண்டும். அவன் ஓடிப் பழகுவதற்கு முன்பே நாம் அவன் காலைக் கட்டிவிடுகிறோம்.

தகப்பனாரின் சொல்தான் என்னை அதிகம் உறுத்தியது. கடையில் உட்காருவது கண்ணியமான தொழில். நாயகம் (ஸல்) அவர்களே வணிகம் செய்தார்கள். ஆனால் தோற்றுப்போன பிள்ளையிடம் ‘உனக்குக் கடைதான்’ என்றால், கடை ஒரு தண்டனையாகிறது. பிள்ளையையும் தாழ்த்தி, நாற்பது வருடம் நம்மை வாழவைத்த தொழிலையும் ஒருசேரத் தாழ்த்திவிடுகிறோம். மகன் விரும்பி வந்தால் கடை பரக்கத்து. வேறு வழியின்றி வந்தால் அவன் மனமும் கெடும், கல்லாவும் கெடும்.

பெரியவர்கள் நடந்துகொள்ளும் முறைக்குக் கலாம் அவர்களே ஓர் உதாரணம் சொல்லி வந்தார்கள். 1979 ஆகஸ்டு 10-இல், அவர் திட்ட இயக்குநராக இருந்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய எஸ்.எல்.வி.-3 ராக்கெட் கடலில் விழுந்தது. அப்போது விண்வெளி நிறுவனத்தின் தலைவரான சதீஷ் தவான், பத்திரிகைக்காரர்களின் எதிரில் தாமே போய் உட்கார்ந்து பொறுப்பை ஏற்றுக்கொண்டார். 1980 ஜூலை 18-இல் ராக்கெட் வெற்றி பெற்றபோது, நீ போய்ப் பேசு என்று கலாமை அனுப்பினார். தோல்வியில் முன்னே நிற்பதும், வெற்றியில் பின்னே நிற்பதும் தலைவனுக்கு அழகு. நாமோ பிள்ளை வென்றால் பந்தி போட்டு முன்னால் உட்காருகிறோம். தோற்றால் ‘நான் அப்போதே சொன்னேன்’ என்று பின்னால் நகர்ந்துகொள்கிறோம்.

சகோதரர்களே! இரண்டு நாள் கழித்து அந்தக் கடைக்குத் திரும்பப் போனேன். ஆறுதல் ஒன்றும் எடுத்துக்கொண்டு போகவில்லை. “தம்பி, நேர்முகத் தேர்வில் என்னவெல்லாம் கேட்டார்கள்?” என்று மட்டும் விசாரித்தேன். பையன் முதலில் தயங்கினான். பிறகு முக்கால் மணி நேரம் பேசினான். எந்தக் கேள்விக்குத் தடுமாறினான், எந்த ஓட்டத்தில் முந்தினான், உடன் வந்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னான். “இன்னொரு தடவை எழுத வயசு இருக்கு மாமா. அத்தா என்ன சொல்வார்களோ தெரியவில்லை” என்று முடித்தான். தகப்பனார் சாக்கு மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். உடனே பதில் சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, “காலையில் ஓடப் போவதென்றால் போ. கடையை நான் திறந்துகொள்கிறேன்” என்றார்.

மறுமுறை அவனுக்கு இடம் கிடைக்குமா என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், அவன் தலைநிமிர்ந்து நடக்க நம் வீடும் ஜமாஅத்தும் இடம் கொடுக்க வேண்டும். அந்த இடத்துக்கு எண்ணிக்கைக் கட்டுப்பாடு கிடையாது. வல்ல நாயன் நம் பிள்ளைகளுக்கு மன உறுதியையும், நமக்கு அவர்கள் சொல்வதைக் கேட்கும் பொறுமையையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.