எண்ணைப் பார்த்து மிரளாதே

2022 பிப்ரவரி. இணையவழியில் நடந்த ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் விரைவுச் சதுரங்கப் போட்டியில், சென்னையைச் சேர்ந்த 16 வயது பிரக்ஞானந்தா, உலகச் சாம்பியன் மாக்னஸ் கார்ல்சனை 39 நகர்த்தல்களில் வென்றார். ஆடியது கறுப்புக் காய்களில்; முதல் நகர்த்தல் எதிராளிக்கு. ரேட்டிங்கிலும் சுமார் 250 புள்ளிகள் குறைவு.

அவ்வளவு இடைவெளி இருந்தால், கீழே இருப்பவர் 100 ஆட்டங்களில் ஏறத்தாழ 19 புள்ளிகள் எடுப்பார் என்கிறது, ரேட்டிங்கை வைத்து ஆட்ட முடிவைக் கணிக்கும் ஈலோ கணக்கு. அந்தக் கணக்கே நமக்குப் பூஜ்யம் போடவில்லை. நாமே ஏன் போட்டுக்கொள்ள வேண்டும்?

ராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் போட்டிக்குக் கிளம்பும் பிள்ளைகளே, எதிராளியின் ரேட்டிங்கைப் பார்த்ததும் மனம் தளராதீர்கள். அது அவர் நேற்றுவரை உழைத்துச் சேர்த்தது. அதற்கு மரியாதை கொடுங்கள். இன்றைய பலகையில் இருவருக்கும் 16 காய்கள்தான். ராஜாவைப் பத்திரப்படுத்துங்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பின்னால் எதிராளியின் திட்டம் என்ன என்று யோசியுங்கள். பயத்தில் டிரா கேட்காதீர்கள். பெரிய ஆட்டக்காரரும் தவறும் நேரம் வரும். அதுவரை தாக்குப்பிடித்து விழிப்போடு இருப்பவரே வெல்வார்.