ஈவோன் கையும் ஏற்போன் முகமும்

வறியார்க்கு ஒன்று கொடுக்குமிடத்துக் கொடுக்கப்படும் பொருள் நல்லதாதல் மாத்திரம் அமையுமோ, கொடுக்கும் முறையும் நல்லதாதல் வேண்டுமோ என்னும் வினாவை ஆசிரியர்கள் முன் வைக்கின்றோம். பிறர் முன் வையாது ஆசிரியர் முன் வைத்தற்குக் காரணம் உண்டு. ஊர்ச் சங்கங்களும், பழைய மாணவர் சங்கங்களும், கடல் கடந்து வாழும் நம்மவரும் வறிய பிள்ளைகளுக்கு அளிக்கும் கொப்பி, சப்பாத்து, புத்தகப்பை, துவிச்சக்கரவண்டி முதலியன பெரும்பாலும் பாடசாலை வாயிலாகவே செல்கின்றன. இன்னார் வறியர் என்று பெயர் குறிப்பவர் ஆசிரியர். அப்பெயரைக் கூட்டத்தில் உரக்க வாசிப்பவரும் அவரே.

நாம் செய்த பிழையொன்றை முதலிற் கூறுவோம். 2022 ஆம் ஆண்டு இந்நாட்டிற் பொருள்முடை மிக்கிருந்த காலம். அவ்வாண்டு செப்தெம்பர் மாதத்திலே கொழும்பில் உணவுப்பொருள் விலை முந்திய ஆண்டினும் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அளவிற்கு ஏறியிருந்தது. காலையில் ஒன்றும் உண்ணாது வந்து பிரார்த்தனை வேளையில் மயங்கி விழும் பிள்ளைகளை அக்காலத்திற் கண்டோம். அப்பொழுது தொண்டர் சிலர் உலருணவுப் பொதிகளும் புத்தகப்பைகளும் கொண்டுவந்தனர். அவர்தம் உள்ளம் தூயது என்பதில் ஐயமில்லை. தம் கைப்பணத்தைச் செலவிட்டு, வெயிலிற் பொதி சுமந்து வந்தவர்கள். பெயர்ப்பட்டியலை எழுதியவர் நாம். காலைப் பிரார்த்தனை முடிவில் அதனை வாசித்தவரும் நாமே. ஒரு பெண்பிள்ளை தன் பெயரைக் கேட்டும் எழுந்திலள். வகுப்பு முழுதும் திரும்பி அவளைப் பார்த்தது. ஈற்றில் எழுந்து சென்று பொதியைப் பெற்றாள். பெறும்போது கைத்தொலைபேசியிற் படமும் எடுக்கப்பட்டது. மறுநாள் தொடங்கி அவள் பாடசாலைக்கு வரவில்லை. வீடு தேடிச் சென்றபோது அவள் தாயார், “பொருள் வேண்டாமென்று நாங்கள் சொல்லவில்லை, ஐயா, பிள்ளைதான் வகுப்புக்குப் போகமாட்டேன் என்கிறாள்” என்றார். பசி தீர்க்கச் சென்ற நாம் படிப்பைத் தடுத்து வந்தோம்.

வறுமை குற்றமன்றே, அதற்கு நாணுவது ஏன் என்று ஒருசாரார் வினாவுவர். குற்றமன்று என்பது மெய்யே. ஆயினும் குற்றமல்லாத ஒன்றிற்குக் குற்றவாளியைப் போலப் பெயர் வாசித்து முன்னே நிறுத்துகின்றோம். நாணம் பிள்ளையிடத்திற் பிறந்ததன்று. நம் முறையிற் பிறந்தது.

மற்றொருசாரார் கூற்று இதனினும் வலியது. “பணம் அனுப்புவோர் தொலைவில் உள்ளனர். தருமப்பணம் இடைவழியில் மறைந்த கதைகளை அவர்கள் கேட்டிருக்கின்றனர். படம் இல்லையேல் நம்பிக்கை இல்லை, நம்பிக்கை இல்லையேல் பணமும் இல்லை” என்பர். இதனை எளிதாகத் தள்ளிவிடலாகாது. பிறர் பொருளைக் கையாள்பவன் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவன். ஆயின், படம் எதனை நிரூபிக்கின்றது என்று ஆராய்தல் வேண்டும். ஒருநாள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு ஒரு பை சென்றது என்பதே அதிலிருந்து பெறப்படும். எத்தனை பை வாங்கப்பட்டன, என்ன விலைக்கு, எஞ்சிய பணம் எங்கே என்பவற்றைப் படம் சொல்லுமோ? கடைப் பற்றுச்சீட்டும், இருப்புப் பதிவேடும், பெற்றார் கையொப்பமும், கணக்காய்வாளர் அறிக்கையுமே அவற்றைச் சொல்லும். கள்ளக்கணக்கு எழுதுபவன் படம் எடுப்பதில் மிக வல்லவனாயிருத்தலும் கூடும். மேலும், அப்பிள்ளை வேண்டாமென்று மறுத்தால் பொருளை இழக்கும். ஆதலின் அதன் இசைவு இசைவாகாது. இணையத்தில் ஏறிய படம் அப்பிள்ளை வளர்ந்து தொழிலுக்குச் செல்லும் நாளிலும் அங்கேயே கிடக்கும்.

கொடை விழாக்களின் கோலத்தைப் பற்றியும் ஒரு சொல். விருந்தினர் பந்தலின் நிழலில் இருப்பர். பிள்ளைகள் வெயிலில் நிற்பர். பத்துக் கொப்பி கொடுப்பதற்கு நான்கு பொன்னாடையும் ஆறு சொற்பொழிவும் நிகழ்ந்த விழாவொன்றிற்கு நாம் சென்றிருக்கின்றோம். பொன்னாடைப் பணத்தில் இன்னும் எத்தனை கொப்பி வாங்கலாமென்று அருகிலிருந்த ஆசிரியர் ஒருவர் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

முகம் கெடாது கொடுக்கும் வழிகள் நம்மிடம் இல்லாதன அல்ல. 1877 ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே யாழ்ப்பாணத்தில் ஆறுமுகநாவலர் நடாத்திய கஞ்சித்தொட்டித் தருமத்தை அறியாதார் இலர். தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் அன்னதானப் பந்தியில் அமர்பவரை, நீ வறியவனோ செல்வனோ என்று எவரும் கேட்பதில்லை. வண்டியில் வந்தவரும் நடந்து வந்தவரும் ஒரே பந்தியில் உண்கின்றனர். ஊர்தோறும் உள்ள மரணசகாய சங்கத்தில் எல்லாரும் சந்தா கொடுக்கின்றனர். சாவு நேர்ந்த வீட்டார் எவராயினும் உதவி பெறுகின்றனர். கொடுத்தவனே பெறுதலின் அங்கே தலைகுனிவு இல்லை. திருவள்ளுவர் ஒப்புரவறிதலை இருபத்திரண்டாம் அதிகாரமாகவும் ஈகையை அதற்கு அடுத்ததாகவும் வைத்தமை நோக்கத்தக்கது. ஊரோடு ஒத்து வாழும் முறையை அறிந்தபின்னரே கொடை என்பது அவ்வைப்பிலிருந்து நாம் கொள்ளும் பொருள்.

பந்தியைப் புகழ்ந்த நாம் அதன் மறுபக்கத்தை மறைப்பது நேர்மையன்று. இந்நாட்டிற் பந்தி எல்லார்க்கும் திறந்திருந்ததன்று. பாடசாலைகளிற் சம ஆசனமும் சம போசனமும் வேண்டுமென்று 1930 ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் எழுந்த முயற்சியை எதிர்த்தவருட் சைவரென்று தம்மைச் சொல்லிக்கொண்டோர் பலர். மாவிட்டபுரத்திற் கோயில் வாயில் திறக்கவேண்டிச் சத்தியாக்கிரகம் நடந்தது 1968 இல். எங்கே உட்காரலாம், எங்கே உட்காரலாகாது என்று பாட்டனார்க்கு வகுத்தோம். பேரப்பிள்ளையை இன்று கூட்டத்தில் எழுந்து நிற்கச் சொல்கின்றோம். எல்லாருள்ளும் ஒருவரைப் பிரித்துக் காட்டும் பழக்கம் நம்மிடத்தில் வேறு வேறு உடை தரித்து வருகின்றது.

அரசினர் 2024 ஆம் ஆண்டில் ஆரம்ப வகுப்பு மாணாக்கர் யாவர்க்கும் பாடசாலை உணவை விரித்தபோது, யார் வறியர் என்ற வினா அவ்வளவில் ஒழிந்தது. ஆயினும் எல்லாவற்றையும் எல்லார்க்கும் கொடுத்தல் ஒரு சிறு சங்கத்தால் இயலாது. தெரிவு செய்தே ஆகவேண்டுமிடத்து, வறுமையை அளவுகோலாகக் கொள்ளாது வேறொன்றைக் கொள்ளலாம். துவிச்சக்கரவண்டிகளைப் பாடசாலைக்கு உரியனவாக வைத்துக்கொண்டு, இத்தனை மைலுக்கு அப்பாலிருந்து வரும் பிள்ளைக்கு நூல்நிலையத்திற் புத்தகம் கொடுப்பதுபோற் பதிந்து கொடுத்தால், தூரமே காரணமாகும். கொப்பிகளைத் தவணைத் தொடக்கத்தில் வகுப்பு முழுவதற்கும் பங்கிட்டு, இயன்ற பெற்றாரிடம் விலை பெற்றுக்கொள்ளலாம். யார் கொடுத்தார், யார் கொடுத்திலர் என்பதை அதிபரும் வகுப்பாசிரியரும் மட்டும் அறிவர். உலருணவு மாலை வேளையிற் பெற்றார் கையிற் சேர்தல் நன்று. பெற்ற குடும்பத்தாரிடமும் பிடியரிசியோ, சிரமதானத்தில் ஒருநாள் உழைப்போ கேட்டல் தவறன்று. கேட்கப்படுதலும் ஒரு மதிப்பே.

இளந்தொண்டர் சிலர், எவ்வளவு செய்தும் நன்றி சொல்வாரில்லை என்று எம்மிடம் வருந்தியதுண்டு. அவர் வருத்தம் இயல்பானது. நன்றியை விலையாக எதிர்பார்த்துக் கொடுத்தால் அது வாணிகமாகும் என்று அவர்க்குச் சொன்னோம். அவர்கள் ஏற்றனரோ, அறியோம்.

அப்பெண்பிள்ளை பதினொரு நாள் கழித்துப் பாடசாலைக்கு மீண்டாள். அதன்பின் நாம் பெயர் வாசித்திலம், படம் எடுக்கவும் இசைந்திலம். கடந்த தவணையிற் கடல் கடந்த அன்பர் ஒருவர் கொப்பிக்குப் பணம் அனுப்பிப் படம் கேட்டெழுதினார். கடைப் பற்றுச்சீட்டின் பிரதியும், கொடுத்த கொப்பிகளின் தொகையும், எஞ்சிய சில்லறைக் கணக்கும் அனுப்பி, படம் அனுப்பாமைக்குக் காரணமும் எழுதினோம். மறுமொழி வந்திலது. இத்தவணைக்குரிய பணமும் வந்திலது. ஊர்ச் சனசமூக நிலையத்தாரிடம் சென்று கேட்டதிற் பாதித் தொகை தர இசைந்தனர். மற்றைப் பாதிக்கு வழி தேடுகின்றோம்.