இலவசம் என்பது யார் கொடுத்தது?

பயணச் சலுகை தரும் கடன் அட்டையைத் தொடர்ந்து வைத்திருப்பதா, திருப்பிக் கொடுத்துவிடுவதா என்னும் வினா, ஆண்டுக் கட்டணம் செலுத்த வேண்டிய மாதம் வரும்போதெல்லாம் நம்முன் வந்து நிற்கிறது. பலர் இதனை வெறும் கூட்டல் கழித்தலாகவே கருதுகின்றனர். நாமும் நெடுநாள் அவ்வாறே கருதியிருந்தோம். ஆதலின் முதலில் அந்தக் கணக்கையே பார்ப்போம்.

ஓர் அட்டைக்கு ஆண்டுக் கட்டணம் 5,000 ரூபாய் என்று கொள்வோம். அதன்மேல் 18 சதவீத வரியும் சேர, 5,900 ரூபாய் ஆகிறது. நூறு ரூபாய்ச் செலவுக்கு ஒரு ரூபாய் பெறுமானமுள்ள புள்ளிகள் கிடைக்குமாயின், கட்டணத்தை மீட்பதற்கே 5,90,000 ரூபாய் செலவிட்டாக வேண்டும். விமான நிலைய ஓய்வறைச் சிற்றுண்டியையும் வரவில் எழுதுவோர் உண்டு. அட்டை இல்லாவிடில் அவ்வளவு விலை கொடுத்து அதனை உண்டிருப்போமா? இல்லையெனில் அது வரவாகாது. புள்ளி சேரும் என்பதற்காகவே வாங்கிய பொருளோ, வரவு வேடத்தில் வந்த செலவேயன்றி வேறன்று.

இத்தனையும் கழித்த பின்னரும் நம் அட்டை ஆதாயமே தந்தது. தவணை தவறாது முழுத் தொகையும் செலுத்தினோம். வட்டியென்று ஒரு காசும் கொடுத்ததில்லை. சேர்ந்த புள்ளிகளைக் கொண்டு நம் அன்னையாரை உம்ராவுக்கு அழைத்துச் செல்ல எண்ணினோம். செய்தியைச் சொன்னபோது அவர்கள் கேட்டார்கள்: "டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்தது யார், வாப்பா?" "யாரும் கொடுக்கவில்லை உம்மா, இலவசம்" என்றோம். "யாரும் கொடுக்காமலா விமானக்காரன் ஏற்றிப் போவான்?" என்றார்கள். அதற்கு நம்மிடம் விடையில்லை. விடை தேடத் தொடங்கினோம்.

விமானப் பயணிகளுக்குத் தூரத்தைப் புள்ளியாக்கித் தரும் முறையை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனம் 1981-இல் தொடங்கியது. 1987-இல் சிட்டி வங்கி அதனைக் கடன் அட்டையோடு இணைத்தது. அன்று முதல் பறக்காதவரும் செலவு செய்தே பறக்கும் உரிமை பெறலாயினர். இவ்வுரிமைக்கான பணம் மூன்று ஊற்றுகளிலிருந்து வருகிறது. ஒன்று, ஆண்டுக் கட்டணம். இரண்டு, வணிகரிடம் பெறும் கமிஷன். மூன்று, குறித்த நாளில் செலுத்த இயலாதவர் கட்டும் வட்டி.

முதலாவது நாம் கொடுப்பது. இரண்டாவதை வணிகர் தம் விலையில் ஏற்றிவிடுகிறார். அவ்விலையையே ரொக்கம் கொடுப்பவரும் கொடுக்கிறார்; புள்ளியோ அட்டை நீட்டியவருக்கு மட்டும். அமெரிக்காவின் பாஸ்டன் நகர மத்திய வங்கியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2010-இல் இதனை மதிப்பிட்டனர். ரொக்கம் கொடுத்து வாங்கும் குடும்பம் சராசரியாக ஆண்டுக்கு 149 டாலரை இவ்வழியில் இழக்கிறது. அட்டை கொண்டு வாங்கும் குடும்பம் 1,133 டாலரைப் பெறுகிறது என்றனர். ஐரோப்பிய ஒன்றியம் 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, கடன் அட்டை தந்த வங்கிக்குச் சேரும் பங்கை 0.3 சதவீதத்திற்கு மேற்படாதவாறு வரையறுத்தது. பங்கு சுருங்கவே அங்கே புள்ளிகளும் சுருங்கின. ஊற்று எதுவென்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

மூன்றாவது ஊற்றே நம்மை உறுத்துவது. நம் நாட்டில் பல அட்டைகளின் வட்டி மாதத்திற்கு 3 சதவீதத்தைத் தாண்டுகிறது. ஆண்டுக் கணக்கில் 36 சதவீதத்திற்கு மேல். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வருபவர், புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாத் தவணையை இழக்கிறார். மருத்துவச் செலவாலோ வேலையிழப்பாலோ இடறியவரும் அவருள் இருப்பார். திருமறையின் பகரா அத்தியாயம் 280-ஆம் வசனம், இடுக்கணில் உள்ள கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் தரப் பணிக்கிறது. இங்கோ இடுக்கண் முற்றுந்தோறும் சுமை ஏறுகிறது. அதில் ஒரு பகுதி நம் பயணத்திற்கு உதவுகிறது.

மார்க்க அறிஞர்கள் இதனை ஆராயாமல் இல்லை. இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவை 2000-ஆம் ஆண்டு ரியாதில் கூடியபோது, வணிகரிடம் கமிஷன் பெறுவது கூடும் என்றது. ஆனால் வட்டி நிபந்தனை அடங்கிய கடன் அட்டையை, தவணைக்குள் செலுத்தும் எண்ணத்தோடு கூடப் பயன்படுத்தல் ஆகாது என்றும் முடிவு செய்தது. தேவையை முன்னிட்டு இசைவளித்த அறிஞர்களும் உளர். ஃபத்வா வழங்குவது நம் பணியன்று. வெளியூரில் அறை எடுக்கவும் வாகனம் அமர்த்தவும் வேறு வழியற்றவரின் தேவை ஒன்று. புள்ளிக்கான ஆசை மற்றொன்று. இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது என்பதே நாம் சொல்வது.

"நீர் விட்டுவிட்டால் அந்தக் கடனாளியின் சுமை குறையுமா?" என்று நண்பர் ஒருவர் வினவினார். குறையாது. நாம் விட்ட பங்கு வங்கிக்கே சேரும். நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டிய வாதம் இது. ஆயினும், இந்தச் சலுகை நீடிக்க வேண்டுமென நாம் விரும்பும்போது, பிறர் தவணை தவற வேண்டுமென்றும் அறியாமலே விரும்புகிறோம் அன்றோ? உலகைத் திருத்த இயலாமை, அந்த விருப்பத்தை நம் உள்ளத்தில் வளர்ப்பதற்குச் சாக்காகாது. ஹலாலும் தெளிவு, ஹராமும் தெளிவு; இடைப்பட்ட ஐயத்திற்குரியவற்றை விலக்குபவரே தம் மார்க்கத்தைக் காத்துக்கொள்கிறார் எனும் கருத்துப்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நவின்றது இத்தகைய இடத்திற்கே.

அட்டையைத் திருப்பிக் கொடுத்தோம். சேர்ந்த புள்ளிகளைத் தொடவில்லை. உம்ராவுக்கான பணத்தை மாதந்தோறும் ஒதுக்கிச் சேர்க்க ஈராண்டு பிடித்தது. அதற்குள் அன்னையாரின் முழங்கால்கள் தளர்ந்துவிட்டன. சக்கர நாற்காலியில் அமர்த்தித்தான் தவாஃப் செய்விக்க முடிந்தது. முன்பே சென்றிருந்தால் நடந்தே சுற்றியிருப்பார்கள். அந்த இழப்பை நாம் மறைக்கவில்லை. அதுவும் இக்கணக்கில் எழுதப்பட வேண்டியதே. ஆனால் இம்முறை அவர்கள் அதே வினாவைக் கேட்டபோது, "நாம்தான் கொடுத்தோம், உம்மா" என்று சொல்ல முடிந்தது.