பழையபடி

துரைசாமி சப்வே அருகே பைக்கிலிருந்து விழுந்து அண்ணனுக்குத் தலையில் அடி. மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவே கேட்டது: "பழையபடி ஆயிட்டானா?" நானும் அதற்குத்தான் காத்திருந்தேன். சாஃப்ட்வேரில் ரோல்பேக் செய்தால் நேற்றைய நிலை திரும்பிவிடுமே.

மூளையில் ரோல்பேக் கிடையாது. அடியில் ரத்த நாளங்கள் கிழிகின்றன. பிறகு விஇஜிஎஃப் என்ற புரதத்தின் தூண்டுதலில், மிஞ்சிய நாளங்களிலிருந்து புதியவை முளைக்கின்றன. முளைக்கவைக்கும் அதே புரதம்தான் அவற்றைக் கசியவும் வைக்கிறது. பெரிசைட் செல்கள் சுற்றி அணைத்தபின்தான் அவை இறுகும்.

1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவை சிகிச்சையைத் தொடங்கினார் பி. ராமமூர்த்தி. உயிரைக் காப்பது மருத்துவர் வேலை. பிழைத்தவனோடு வாழப் பழகுவது நம் வேலை.

அண்ணன் இப்போது பாதி வார்த்தையில் நிற்கிறான், சட்டென்று கோபப்படுகிறான். அவனிடம் பழையவனையே தேடுவது அநியாயம் என்று படுகிறது.

நேற்று பக்கத்து வீட்டு மாமி கேட்டபோது சொன்னேன்: "புதுசா ஆயிட்டு வரான், மாமி."