படம் எப்படி?

‘படம் எப்படி?’ என்று கேட்பவர் பாதிதான் படத்தைக் கேட்கிறார். மீதி, உங்களோடு சற்று நேரம் பேசிக்கொண்டிருக்கும் ஆசை.

வங்க சினிமாவின் ஸ்டூடியோக்கள் இருக்கும் கொல்கத்தாவின் டாலிகஞ்சில், மெட்ரோ நிலையத்துக்கே மகாநாயக் உத்தம் குமார் என்று ஒரு நடிகரின் பெயர். அந்த ஊரில் ‘அட்டா’ என்னும் அரட்டையில் உட்கார்ந்து அலசினால்தான் படம் பார்த்ததாகக் கணக்கு.

பிடிக்காத படத்தை ஒரு மணி நேரம் அலசுகிறோம். பிடித்த படத்துக்கு, ‘போய்ப் பாருங்க’ என்ற இரண்டு சொல்லோடு சரி. விமர்சகர்கள் கோபித்துக்கொண்டாலும், ஆளை வீட்டைவிட்டுக் கிளப்புவது அந்த இரண்டு சொல்தான்.

1955 ஆகஸ்டில் சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’ கல்கத்தாவில் வெளியானபோது, தொடக்கத்தில் கூட்டம் மந்தம். பெரிய நட்சத்திரம் யாரும் இல்லை. பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் சொன்னார்கள். ஓரிரு வாரத்தில் அரங்கு நிறைந்தது. ஆனால் படம் ஓடிய பசுஸ்ரீ தியேட்டர் அடுத்த படத்துக்கு முன்பே பதிவாகியிருந்தது (அது நம் எஸ். எஸ். வாசனின் ‘இன்சானியத்’!). ராயின் படம் வேறு தியேட்டருக்கு மாறியது. கூட்டமும் பின்னாலேயே போனது.